பிள்ளைக்கு ‘ஒத்துக்கொள்ளாது’ என்றால் என்ன? உணவு ஒவ்வாமை பற்றி ஒரு விளக்கம்

கொழும்பில் ஒரு பிறந்தநாள் விருந்து. “இவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது” என்று தாய் சொல்கிறார். விருந்து வைத்தவர் தலையாட்டுகிறார். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? இறால் சாப்பிட்டால் பையனுக்கு வயிறு பொருமும் என்று நினைத்திருக்கலாம். கிரந்தி (தோலில் கடியும் தடிப்பும் தரும் உணவு) என்று வீட்டில் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கலாம். பையனுக்கு இறால் பிடிக்காது, அம்மா அதை நாகரிகமாகச் சொல்கிறார் என்றுகூட எடுத்திருக்கலாம். இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த கட்லட்டைக் கடித்தாலே பிள்ளைக்கு மூச்சுத் திணறும் என்பதுதான் தாய் சொல்ல வந்த செய்தி. அந்த வாக்கியத்தில் அது இல்லை.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரச வைத்தியசாலைகளில் ஊசிமருந்து ஏற்றப்பட்டபின் நேர்ந்த மரணங்கள் செய்தியானபோது, ‘ஒவ்வாமை’ என்ற சொல் முதற்பக்கத்துக்கு வந்தது. உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமைக்குரிய அனபிலக்சிஸ் என்ற பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டதும் அப்போதுதான். மருந்தால் வரும் அதே நிலை ஒரு துண்டு கேக்காலும் வரக்கூடும் என்பது அந்தப் பரபரப்பில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஒரே சொல், ஐந்து நிலைகள்

‘அலர்ஜி’ என்று வைத்தியரின் மேசைக்கு வந்து சேர்வனவற்றைப் பிரித்துப் பார்த்தால் குறைந்தது ஐந்து வகை தேறும்.

1. உடனடி ஒவ்வாமை. உணவிலுள்ள ஒரு புரதத்தை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி பகைவன் என்று தவறாக எண்ணி, அதற்கென்றே ஐ.ஜி.ஈ என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருக்கும். தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் கலங்களின்மேல் இந்த ஐ.ஜி.ஈ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடி வந்து தொட்டதும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடும். தடிப்பு, கடி, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிழுப்பு எல்லாம் இதன் விளைவுகள். பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் 2 மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிடும். உயிராபத்து இந்த வகையில்தான்.

2. தாமதமாக வருவது. இதிலும் நோயெதிர்ப்புத் தொகுதிக்குப் பங்கு உண்டு, ஐ.ஜி.ஈக்கு இல்லை. பசுப்பால் குடித்த கைக்குழந்தையின் மலத்தில் இரத்தம் தெரிவதும், குறித்த ஓர் உணவைக் கொடுத்துச் சில மணித்தியாலம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி எடுப்பதும் இவ்வகை. வழக்கமான தோல், இரத்தச் சோதனைகளில் இது அகப்படாது.

3. சகிப்பின்மை. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்திருந்தால் வயிறு பொருமும், வாயு பறியும், வயிற்றோட்டம் போகும். கடும் வயிற்றோட்டத்துக்குப்பின் சில வாரங்களுக்குத் தற்காலிகமாகவும் இப்படி இருக்கும். சங்கடம்தான், ஆபத்தில்லை. லக்டோஸ் நீக்கிய பால் இவர்களுக்கு உதவும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதே பாலைக் கொடுத்தால் வம்பு, ஏனென்றால் நீக்கப்பட்டது சர்க்கரை மட்டுமே. புரதம் முழுதாக உள்ளே இருக்கிறது.

4. மீன் நஞ்சாதல்.

5. கிரந்தி, கரப்பான், சூடு, குளிர் என்று வீட்டு வழக்கில் விலக்கப்படுபவை.

கடைசி இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பலயா, கெலவல்லா போன்ற சூரையின மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் வெக்கையில் விட்டால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கறி கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, தகரத்தில் அடைத்தாலும் போகாது. அந்த மீனைச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும். பார்த்தால் அச்சொட்டாக ஒவ்வாமை. ஆகாமல் எப்படி? ஒவ்வாமையில் உடல் கொட்டும் அதே பொருளை இங்கே மீன் சுமந்து வருகிறது. காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்களைப் பலயா, கெலவல்லா சாப்பிட வேண்டாம் என்று நம் நாட்டு வைத்தியர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். ஹிஸ்டமினை உடல் அழிப்பதை அந்த மருந்து மந்தப்படுத்துகிறது.

பிரித்தறிய இரண்டு கேள்விகள் உதவும். அதே சட்டியில் சாப்பிட்ட வேறு யாருக்காவது இப்படி ஆனதா? போன மாதம் இதே மீனைச் சாப்பிட்டபோது பிள்ளை சுகமாக இருந்ததா? இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால் கேட்க வேண்டியது மீன்காரரின் பெட்டியில் ஐஸ் இருந்ததா என்பதை. இந்தக் கேள்விகளைக் கேளாமலே ‘மீன் அலர்ஜி’ என்று கிளினிக் கார்டில் எழுதிவிட்டால், நல்ல புரதமும் கொழுப்பும் தரும் உணவொன்று அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து வருடக்கணக்கில் போய்விடும்.

கிரந்தி விஷயத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி என்று அம்மம்மாமார் சொல்வதன் பின்னால் தலைமுறைகளின் கவனிப்பு இருக்கிறது. தக்காளியும் அன்னாசியும் பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பது சிறுபிள்ளைகளிடம் சாதாரணம். வில்லங்கம் எங்கே என்றால், வீட்டுக்கு வீடு பட்டியல் மாறுகிறது, பட்டியல் நீளும்போது பிள்ளை மெலிகிறது. எக்சிமா என்னும் கரப்பான் உள்ள குழந்தைக்குப் பால், முட்டை, மீன் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தும் வீடுகள் உண்டு. பெரும்பாலான எக்சிமாவுக்கு உணவு மூலகாரணம் இல்லை; தோலின் காப்பு பலவீனமாக இருப்பதே பிரச்சினை. அதற்கு மேலும் ஒரு சிக்கல்: எக்சிமா உள்ள பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுவந்த உணவை நெடுநாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, இல்லாத உடனடி ஒவ்வாமை புதிதாகத் தோன்றிய சந்தர்ப்பங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

கொழும்புச் சமையலறையில் ஒளிந்திருப்பவை

பால், முட்டை, கச்சான், கஜு போன்ற மரக்கொட்டைகள், மீன், இறால் வகை, கோதுமை, சோயா, எள் என்ற ஒன்பதும்தான் அமெரிக்கச் சட்டம் லேபலில் கட்டாயம் காட்டச் சொல்லும் உணவுகள். எள் 2023 ஜனவரியிலிருந்து சேர்ந்தது. இந்தப் பட்டியலை அப்படியே நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் இடறும்.

‘கடலுணவு’ என்ற சொல் முதல் இடறல். மீன் ஒரு கூட்டம், இறாலும் நண்டும் இன்னொன்று, கணவாயும் மட்டியும் மூன்றாவது. மீனில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பார்வல்புமின் என்ற புரதம், இறாலில் ட்ரோபோமயோசின். இறால் ஒவ்வாத பிள்ளைக்கு நண்டும் ஒவ்வாமல் போக வாய்ப்பு அதிகம், ஆனால் அறுக்குளா மீனை அவன் சுகமாகச் சாப்பிடக்கூடும். இரண்டு புரதங்களும் சமையல் சூட்டைத் தாங்குபவை என்பதால் ‘நன்றாக வேகவைத்துவிட்டேன்’ என்பது பாதுகாப்பு ஆகாது.

அடுத்தது மாசி. மாசிக்கருவாடு சூரை மீனில் செய்வது. தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் அது இருக்கும், சில வீடுகளில் பருப்பிலும் கீரைச் சுண்டலிலும்கூட. சாப்பாட்டுக் கடையில் “இதில் மீன் இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை, மரக்கறிதான்” என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் மாசி மீன் இல்லை, சரக்கு. மாசி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் முச்சக்கரவண்டியில் சீனிச் சம்பல் பனிஸ் வாங்கும்போதும் இதே கேள்விதான்.

எள்ளைப் பலர் நினைப்பதே இல்லை. எள்ளுருண்டை, தலகுலி தெரியும். இட்லிப்பொடியில் எள் இருக்கும். நல்லெண்ணெய் முழுக்கவும் எள். நன்கு சுத்திகரித்த கச்சான் எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் அது தங்கிவிடும். பிரித்தானியாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருவர் எள் சேர்ந்த பாண் சாப்பிட்டு 2016இல் இறந்ததை அடுத்தே, கடையிலேயே தயாரித்துப் பொதிசெய்து விற்கும் உணவுக்கும் முழு லேபல் வேண்டும் என்ற விதி 2021 ஒக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

பால் பற்றிச் சுருக்கமாக: பால்மாவும் பால்தான். ஆட்டுப்பாலும் எருமைத் தயிரும் மாற்று ஆகா. புரதங்கள் அவ்வளவு நெருக்கம். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷவில் சோயாவும் பால்மாவும் உண்டு என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நினைவூட்டுங்கள். பால் ஒவ்வாத சில பிள்ளைகளுக்கு மாட்டிறைச்சியும் ஒவ்வாது. இலங்கைப் பிள்ளைகளிடம் இறைச்சி ஒவ்வாமை இருப்பதைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தேங்காய்க்கு ஒரு தனிக் கதை. டொரொண்டோவிலிருந்து தொலைபேசியில் சித்தி சொல்வார்: “கஜு அலர்ஜி என்றால் தேங்காயும் கூடாது, இங்கே லேபலில் போட்டிருக்கிறது.” அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தேங்காயை நெடுங்காலம் மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்ததன் எதிரொலி அது. 2025 ஜனவரியில் அந்த நிர்வாகமே தேங்காயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தேங்காய் ஒவ்வாமை அரிதாக உண்டு; ஆனால் கஜு ஒவ்வாத பிள்ளை அந்தக் காரணத்துக்காக மட்டும் சொதியையும் சம்பலையும் இழக்க வேண்டியதில்லை.

கச்சானா, கடலையா, கஜுவா?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாகப் படுவது இதுதான். இது உடம்பின் கோளாறே இல்லை, பெயரின் கோளாறு.

நமக்குக் கச்சான் என்பது ஓட்டோடு வறுத்து விற்பது. கடலை என்பது அவித்துத் தாளித்துச் சாப்பிடுவது. தமிழ்நாட்டிலோ கச்சானுக்குப் பெயர் வேர்க்கடலை, நிலக்கடலை, பேச்சில் வெறும் ‘கடலை’. நாம் கடலை என்பது அங்கே கொண்டைக்கடலை. வெள்ளவத்தையில் இந்தியச் சாமான் விற்கும் ஒரு கடையின் தட்டைக் கற்பனை செய்யுங்கள். ‘கடலை மிட்டாய்’ என்ற பொதியில் இருப்பது கச்சான். ‘கடலை எண்ணெய்’ கச்சான் எண்ணெய். ‘கடலை மாவு’ என்ற பொதியில் கச்சான் இல்லை, அது கடலைப்பருப்பு மா. மூன்றிலும் தமிழ்தான், மூன்றிலும் ‘கடலை’தான், உள்ளே இருப்பவை இரண்டு வேறு பொருள்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளையின் தாய் ‘கடலை மிட்டாய்’ என்று வாசித்து நிம்மதியாக வாங்கிக் கொடுத்துவிடலாம்.

சிங்களத்தில் குழப்பம் வேறு திசையில் வருகிறது. ‘கடல’ நம் கடலையேதான். கச்சானுக்குச் சிங்களத்தில் ‘ரட்டகஜு’. ‘கஜு’ என்றால் மரமுந்திரிகை. கச்சான் ஒவ்வாத பிள்ளைக்காக, சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அக்காவிடம் அரைகுறைச் சிங்களத்தில் “கஜு கன்ன பே” (கஜு சாப்பிட முடியாது) என்று சொல்லிவிட்டு வந்தால், அவர் கஜு போட்ட டொபியைத் தள்ளி வைத்துவிட்டு ரட்டகஜு உருண்டையை எடுத்துக் கொடுக்கக்கூடும். சொன்னபடியேதான் செய்திருக்கிறார்.

‘முந்திரி’யும் சும்மா விடாது. இந்தியப் பொதிகளில் அது கஜு. யாழ்ப்பாணத்து முதியவர்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சைப்பழம், கஜு என்றால் மரமுந்திரிகை. “முந்திரி கொடுக்காதீர்கள்” என்று மருமகள் சொன்னால் மாமியார் பிளம்ஸைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கலைக் கஜுவோடு ஊட்டிவிடலாம்.

கச்சான் அவரை இனம். கஜு, பிஸ்தா, பாதாம் மரக்கொட்டைகள். ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றது ஒவ்வாமல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கஜு ஒவ்வாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒவ்வாது. கஜு ஒளியும் இடங்கள் கொழும்பில் ஏராளம்: வட்டிலப்பம், லவ் கேக், மில்க் டொபி, புரியாணி. நத்தார் கேக்கின் மேலுள்ள ‘ஆமண்ட் பேஸ்ட்’ பெயருக்குத்தான் பாதாம். இங்கே பெரும்பாலும் கஜுவை அரைத்தே செய்கிறார்கள்.

வழி ஒன்றுதான்: பெயரோடு பொருளையும் காட்டுங்கள். பிள்ளையின் அட்டையில் மூன்று மொழிப் பெயர்களும் ஒரு படமும் இருக்கட்டும். ஓட்டோடு இருக்கும் கச்சானின் படத்தை யாரும் தவறாக வாசிக்க முடியாது.

சோதனைத் தாள் சொல்வதும் சொல்லாததும்

தோல் ஊசிச் சோதனையில் உணவுச் சாற்றை ஒரு சொட்டு வைத்து மெல்லக் குத்தி, 15 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் நேர்முடிவு. இரத்தச் சோதனை குறித்த உணவுக்கான ஐ.ஜி.ஈயை அளக்கும். இரண்டும் காட்டுவது ஐ.ஜி.ஈ இருக்கிறதா என்பதை மட்டுமே. ஐ.ஜி.ஈ இருந்தும் அந்த உணவைத் தொல்லையின்றிச் சாப்பிடும் பிள்ளைகள் நிறையப் பேர். ஓர் உதாரணம்: வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளிலும் கரப்பான் பூச்சிகளிலும் உள்ள ட்ரோபோமயோசின் இறாலினுடையதைப் போன்றது. ஈரக்கசிவுள்ள கொழும்பு வீடுகளில் தூசி ஒவ்வாமை சாதாரணம். அப்படிப்பட்ட பிள்ளையின் இரத்தத்தில் இறாலுக்கு நேர்முடிவு வரலாம். பிள்ளையோ நேற்றுத்தான் இறால் கறியோடு சோறு சாப்பிட்டிருப்பான்.

ஆகவே பத்துமுப்பது உணவுகளுக்கு ஒரேயடியாகச் செய்யும் ‘அலர்ஜி பனல்’ காசுக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. அதில் வரும் நேர்முடிவுகளைப் பார்த்து உணவை நிறுத்தத் தொடங்கினால் முடிவில்லை. ஐ.ஜி.ஜி என்ற வேறொரு பிறபொருளெதிரியை அளந்து ‘சகிப்பின்மை’ அறிக்கை தருவதும் நடக்கிறது. அந்த உணவைப் பிள்ளை சாப்பிட்டிருக்கிறது என்பதற்குமேல் அது எதையும் நிறுவாது. ஐயம் தீராதபோது உறுதியான வழி, வைத்தியசாலையில் கண்காணிப்பில் சிறிதுசிறிதாக உணவைக் கொடுத்துப் பார்ப்பது. இதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது.

பிள்ளை வைத்தியர் கேட்கும் முதற்கேள்விகளுக்கான விடைகள் பெற்றோரிடம்தான் இருக்கின்றன: என்ன சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, முன்பு அதைச் சாப்பிட்டிருக்கிறதா, அதற்குப் பின்? தடிப்பைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது அது மறைந்திருக்கும். தேவையென்றால் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்கு வைத்தியர் அனுப்புவார். தோல் சோதனைக்குப் போவதானால் பிரிட்டோன் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது உடலில் இருந்தால் தடிப்பு வராது.

பிந்திக் கொடுத்தால் நல்லதா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயதுவரை கச்சான் கொடுக்க வேண்டாம் என்றது. பலன் தெரியாமல் 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதே காலத்தில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே கச்சான் சேர்ந்த பொரிதீன் தின்கின்றன, அவர்களைவிடப் பிரித்தானியாவில் வாழும் யூதக் குழந்தைகளிடம் கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழ 10 மடங்கு. பின்னர் லண்டனில் 4 முதல் 11 மாதம் வரையான, ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. சிறுவயதிலேயே கச்சான் தரப்பட்டவர்களிடம் 5 வயதில் ஒவ்வாமை சுமார் 80 வீதம் குறைந்திருந்தது.

விளக்கம் இப்படிப் போகிறது: எக்சிமாவால் வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் முதலில் உள்ளே போனால் உடல் அதைப் பகையாகக் கருதுகிறது, வாய் வழியாகப் போனால் உணவாக ஏற்கிறது. 6 மாதத்தில் திண்ம உணவு தொடங்கும்போது முட்டையையும் மீனையும் காரணமின்றிப் பின்போடாதீர்கள். கடும் எக்சிமாவோ ஏற்கெனவே முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் கச்சானை வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். அரைத்த பசையாகத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் சிறுபிள்ளையின் தொண்டையில் அடைக்கும்.

அந்தச் சில நிமிடங்கள்

வாயைச் சுற்றி நாலு தடிப்பு, கொஞ்சம் கடி என்றால் அது இலேசானது. பிரிட்டோன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கீழுள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அனபிலக்சிஸ் என்று எடுங்கள்: விடாத இருமல், மூச்சிழுப்பு, குரல் மாறுதல், நாக்கு வீங்குதல், பிள்ளை வெளிறித் துவளுதல், மயக்கம். ஒவ்வாத உணவு உள்ளே போய்த் தடிப்போடு அடங்காத வாந்தியும் சேர்ந்தாலும் அதுவே. சிலரிடம் தோலில் ஒன்றுமே தெரியாது. ‘தடிப்பு இல்லையே’ என்று காத்திருக்க வேண்டாம்.

1. பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும், வாந்தி எடுத்தால் பக்கவாட்டில். எழுப்பி நடக்க வைக்காதீர்கள்; திடீரென்று நிமிர்ந்ததும் இதயம் நின்றுபோன சம்பவங்கள் உண்டு.

2. வைத்தியர் தந்த அட்ரினலின் ஊசிமருந்து இருந்தால் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் உடனே போடுங்கள்.

3. 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. ‘அனபிலக்சிஸ்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

4. 5 நிமிடத்தில் தேறாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடலாம்.

5. தேறினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில மணித்தியாலம் கழித்து அறிகுறிகள் இரண்டாம் தடவை எழும்புவது உண்டு.

பிரிட்டோன் கடியைக் குறைக்கும். இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றாது. “மாத்திரை கொடுத்துவிட்டோம், பார்ப்போம்” என்று கடத்தும் இருபது நிமிடம், பாடசாலை விடும் 1.30 மணிக்குக் காலி வீதியில் இன்னொரு இருபது நிமிடம். இந்தக் கூட்டல் நல்லதல்ல.

தானாக ஏறும் அட்ரினலின் பேனா இலங்கையில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கடுமை. அதனால் மருந்தை நிரப்பிய சிரிஞ்சைத் தந்து பெற்றோருக்குப் பழக்கிவிடும் வைத்தியர்கள் உண்டு. அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பேனா என்றால் 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3. எதுவானாலும் ஒளியும் சூடும் ஆகாது. மதிய வெயிலில் நிற்கும் பாடசாலை வேனில் விட்டுவைத்த பையை எடுத்தால் கை சுடும். மருந்து கெட அது போதும். வகுப்பாசிரியரின் மேசை லாச்சி, பூட்டாமல், அதைவிட நல்ல இடம்.

யாரிடம், எப்படிச் சொல்வது

‘ஒத்துக்கொள்ளாது’ என்ற சொல்லை இந்த விஷயத்தில் விட்டுவிடுங்கள் என்பேன். அதற்குப் பதிலாக வாக்கியத்தில் நான்கு இருக்கட்டும்: பொருள், அளவு, என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும். “டீச்சர், மகளுக்குக் கஜு கூடாது. ஒரு துண்டு பட்டாலும் பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறும். அப்படி ஆனால் இந்த ஊசியைத் தொடையில் போட்டு 1990ஐ அழையுங்கள், பிறகு எனக்கு.” கடைசிச் சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். பாடசாலைகளில் வழக்கமாக முதல் அழைப்பு தாய்க்கே போகும். தாய் பம்பலப்பிட்டியில் அலுவலகத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

வகுப்பாசிரியருக்குச் சொன்னால் சிற்றுண்டிச்சாலைக்குத் தெரியும் என்று எண்ண வேண்டாம். வேன் ஓட்டுநருக்கும் தெரியாது. பாடசாலை முடிந்தபின் வேனுக்குள்தான் பிள்ளைகள் மிஞ்சிய தீனைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அம்மம்மாவிடம் சொல்வது எல்லாவற்றிலும் கடினம். “நாங்கள் எத்தனை பிள்ளை வளர்த்தோம், இப்படியா?” என்பார். அவருடைய அனுபவத்தோடு வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. வைத்தியரைச் சந்திக்கப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். ஊசி போடும் பயிற்சியை அவர் கையிலேயே கொடுங்கள். பகலில் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே.

பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், நத்தாருக்கு மேல்மாடியிலிருந்து கேக் வரும், வெசாக்குக்குத் தெருமுனையில் இலவசமாக உணவு தரும் தன்சல். கொழும்பில் மறுப்பது மரியாதைக் குறைவு. வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எட்டாமல் உயரத்தில் வைத்துவிட்டு, அதே தட்டில் உங்கள் பலகாரத்தை வைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் கஜு போடாமல் ஒரு சிறு கிண்ணம் தனியாக வந்தால், எந்தக் கரண்டியால் கிளறினார்கள் என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

பால், முட்டை ஒவ்வாமை வளர்ந்துவரும்போது பெரும்பாலானோரை விட்டுப் போய்விடும். கச்சான் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை விடும். மீனும் இறாலும் பெரும்பாலும் கூடவே வரும். எனவே வருடத்துக்கு ஒருமுறையாவது வைத்தியரிடம் காட்டுங்கள், அப்படியே ஊசியின் காலாவதித் திகதியையும் பாருங்கள். அட்டையில் உணவின் பெயர்களை மையால் எழுதி, பிள்ளையின் நிறையை மட்டும் பென்சிலால் எழுதி வைத்தால் அழித்து எழுதுவது சுலபம். மருந்தின் அளவு அந்த எண்ணைப் பார்த்தே போடப்படும்.